எண்ணெயும் இரண்டு சுள்ளிகளும்

அரசர்களின் போர்களையும் ஆளுநர்களின் ஆணைகளையும் ஏடுகளில் எழுதி வைத்த வரலாறு, அடுப்பங்கரைப் பக்கம் அதிகம் எட்டிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் மூட்டப்படும் நெருப்பு எதனால் எரிந்தது, அதனை யார் சுமந்து வந்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால், ஓர் ஊரின் பாடுகள் பலவும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருப்பதை நாம் காண்போம். வடசென்னையில் நின்று இக்கேள்வியைக் கேட்பது மிகவும் பொருத்தமானது. தமிழகத்து அடுப்புகளுக்கும் விளக்குகளுக்கும் எரிபொருள் நெடுங்காலமாக வந்து இறங்கிய வாசல் அதுவே.

மணலிக்கும் எண்ணூருக்கும் இடையே, பக்கிங்காம் கால்வாயையும் கொசஸ்தலையாற்றின் உப்பங்கழிகளையும் அடுத்த தாழ்ந்த நிலப்பகுதியில் இருக்கிறது சடையங்குப்பம். தனி ஊராட்சியாக இருந்த அவ்வூர், 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது மணலி மண்டலத்தோடு இணைக்கப்பட்டது. ஒரு புறம் மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலைகளும். மறுபுறம் எண்ணூரின் அனல் மின் நிலையங்களும் துறைமுகமும். நாட்டுக்கு எரிபொருள் வழங்கும் ஆலைகளின் நிழலில் வாழும் மக்கள் அவர்கள். அவர்களுடைய அடுப்பில் எது எரிந்தது, எது எரியவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள். குறிப்பாக ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம்: நூற்றாண்டுக் கணக்கில் நம் விளக்குகளில் எரிந்த தாவர எண்ணெய், ஏன் நம் அடுப்புகளில் எரியவே இல்லை? எரிய வைக்க முடியும் என்று அறிவியல் காட்டிய பிறகும் அது ஏழையின் சமையலறைக்கு ஏன் வந்து சேரவில்லை?

விளக்குக்கு எண்ணெய், அடுப்புக்கு விறகு

நம் முன்னோர் எண்ணெய்க்கும் விறகுக்கும் தெளிவாக வேலை பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஆமணக்கிலிருந்து எடுத்ததற்கு விளக்கெண்ணெய் என்றே பெயர். இலுப்பை, புன்னை, புங்கம் ஆகியவற்றின் எண்ணெயும் விளக்கிற்கே சென்றன. நல்லெண்ணெய் தாளிப்பதற்கும் தலை முழுகுவதற்கும் ஆனது. அடுப்பில் எரிந்தவையோ விறகு, சுள்ளி, வறட்டி, பனையோலை, தென்னை மட்டை ஆகியவை.

திருச்சபையின் வழக்கமும் இதற்கு ஒத்தே இருந்தது. நற்கருணைப் பேழையின் முன் அணையாமல் எரியும் விளக்கிற்கு ஒலிவ எண்ணெயோ தேன்மெழுகோ வேண்டும் என்றும், ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் ஆயரின் முன்மதிப்படி வேறு எண்ணெய்களை, அதிலும் இயன்றவரை தாவர எண்ணெய்களையே, பயன்படுத்தலாம் என்றும் 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1271ஆம் எண்ணில் வகுத்திருந்தது. மண்ணெண்ணெய் உலகெங்கும் மலிந்துவிட்ட காலத்தில் எழுதப்பட்ட விதி அது.

இந்த வேலைப் பிரிவினைக்கு இயற்கையிலேயே காரணம் உண்டு. தாவர எண்ணெய் கெட்டியானது. திரியின் வழியே மெதுவாகவே மேலேறும். ஆகவேதான் அகல் விளக்கில் சுடர், எண்ணெய்ப் பரப்பிற்கு மிக அருகில், விளிம்பிலேயே நிற்கிறது. விரலளவு உயரத்திற்கு மேல் ஏற வேண்டுமானால் எண்ணெய் திணறும்; திரி கருகும்; புகை கக்கும். ஒரு மூலையை ஒளிரச் செய்ய அச்சிறு சுடர் போதும். ஒரு பானைச் சோற்றைப் பொங்க வைக்க அது போதாது. விளக்கு கேட்பது துளி. அடுப்பு கேட்பது படி.

அடுப்பின் பசிக்கு விறகு எங்கிருந்தோ வர வேண்டியிருந்தது. சென்னை நகரம் வளர வளர, அதன் விறகுத் தேவையும் வளர்ந்தது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின்போது, பசித்த மக்களுக்குக் கூலி வேலை கொடுப்பதற்காக வெட்டி இணைக்கப்பட்ட நீர்வழி, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. அந்தக் கால்வாயில்தான் ஸ்ரீஹரிகோட்டாக் காடுகளின் விறகும் கடலோரத் தோப்புகளின் சவுக்கும் படகேறி, எண்ணூரைக் கடந்து சென்னையின் விறகுத் தொட்டிகளுக்கு வந்து சேர்ந்தன. இன்று விண்கலம் ஏவப்படும் தீவு, அன்று நம் பாட்டிமார்களின் சோற்றுப் பானைக்கு விறகு தந்தது. சடையங்குப்பத்தின் அருகே கறுத்து ஓடும் கால்வாய் அந்த விறகுப் படகுகளின் வழித்தடமே.

சீமையெண்ணெயின் வருகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு புதிய எண்ணெய் கப்பலேறி வந்தது. அமெரிக்காவிலிருந்தும், காஸ்பியன் கடலோரப் பாகு நகரிலிருந்தும், பின்னர் பர்மாவிலிருந்தும் வந்த அதனைச் சீமையெண்ணெய் என்றும் மண்ணெண்ணெய் என்றும் கிருஷ்ணாயில் என்றும் நம் மக்கள் அழைத்தார்கள். தண்ணீர்போல் இளகிய அந்த எண்ணெய் நீண்ட திரியில் தடையின்றி ஏறியது, பிரகாசமாக எரிந்தது, விலையும் குறைவு. அது வந்த தகர டின்கள்கூட வீணாகவில்லை. தண்ணீர் மொண்டு வரும் குடமாகவும், விரித்துத் தட்டினால் குடிசையின் கூரையாகவும் அவை பயன்பட்டன. இலுப்பையும் புன்னையும் விளக்கிலிருந்து மெல்ல விலகிக்கொண்டன.

பர்மா எண்ணெய்க் கம்பெனி 1886ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் எண்ணெய்த் தொட்டிகள் சென்னைத் துறைமுகத்தருகே எழும்பின. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடலில் வந்து நின்று குண்டு வீசியபோது, அதன் முதன்மையான குறி அந்தத் தொட்டிகளே. எரிந்த எண்ணெயின் தீ அன்றிரவு வானைச் சிவக்கச் செய்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது, மக்கள் நகரைவிட்டு ஓடினர். எம்டன் என்ற சொல் நம் பேச்சு வழக்கில் இன்றுவரை நிலைத்துவிட்டது. அந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்லும் நாம், அதன் பாடத்தைக் கவனிப்பதில்லை. வீட்டு விளக்கின் எண்ணெய் முதல் முறையாக நம் ஊரில் போரின் இலக்காயிற்று என்பதே அந்தப் பாடம்.

இதற்கிடையே, 1892ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் புகையில்லாமல் எரியும் அழுத்த அடுப்பை உருவாக்கியிருந்தார். பிரைமஸ் என்று பெயர் பெற்ற அந்த அடுப்பின் வழிவந்ததே நம் வீடுகளின் பம்ப் ஸ்டவ். மண்ணெண்ணெய் விளக்கிலிருந்து அடுப்பிற்கும் தாவியது அப்போதுதான். எண்ணெயை ஆவியாக்கி, அந்த ஆவியைக் காற்றோடு கலந்து நீலச் சுடராக எரிப்பதே அதன் நுட்பம். இந்நுட்பத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். நூறாண்டு கழித்து வேறோர் எண்ணெய்க்காக இதே நுட்பம் திரும்பி வரும்.

இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பின்வாங்கிய ஆங்கிலேயர் ஏப்ரலில் ஏனாஞ்சாவ்ங் எண்ணெய்க் கிணறுகளைத் தாங்களே அழித்தார்கள். பர்மா எண்ணெய் நின்றது. மண்ணெண்ணெய்ப் பஞ்சம் பிறந்தது. மூலையில் கிடந்த அகல்கள் மீண்டும் வெளியே வந்தன. சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின், பர்மாவில் இராணுவ ஆட்சி கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோது, எண்ணெய் வந்த அதே கடல் வழியில் நம் மக்கள் அகதிகளாகத் திரும்பி வந்தார்கள். சடையங்குப்பத்தை அடுத்துப் பர்மா நகர் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எண்ணெயும் மனிதரும் ஒரே துறைமுகத்தில் வந்து இறங்கிய வரலாற்றை நாம் உச்சரிக்கிறோம்.

தஞ்சையில் பிறந்த ஒரு கிறிஸ்தவரின் கேள்வி

மண்ணெண்ணெயின் வெற்றியை எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்த காலத்தில் அதனை எதிர்த்துக் கேள்வி கேட்டவர் ஜே.சி. குமரப்பா. 1892ஆம் ஆண்டு தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவர், கணக்காயராகப் பயின்று, பின்னர் காந்தியடிகளோடு இணைந்தார். 1934ஆம் ஆண்டில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் செயலாளர் அவரே. வார்தாவில் மகன்வாடி என்னும் இடத்தில் இயங்கிய அச்சங்கம், செக்கைச் சீர்திருத்தியது. கைக்குத்தல் அரிசியை வளர்த்தது. தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்ற விளக்கையும் உருவாக்கியது. மண்ணெண்ணெய்க்குப் பழகிய கிராமத்து வீடு, தன் மண்ணில் விளையும் உண்ணா எண்ணெய்க்கே திரும்ப முடியும் என்று காட்டுவதே அதன் நோக்கம்.

குமரப்பாவின் வாதம் எளிமையானது. பூமிக்குள் இருக்கும் நிலக்கரியும் பெட்ரோலியமும் நிரப்பி வைத்த தொட்டியைப் போன்றவை. எடுக்க எடுக்கக் குறைபவை. குறைகிற பொருளுக்காக நாடுகள் மோதிக்கொள்ளும். ஆண்டுதோறும் மரத்திலும் செடியிலும் விளைவனவோ ஓடும் ஆற்றைப் போன்றவை. அளவறிந்து எடுத்தால் வற்றாதவை. முன்னையதன் மீது கட்டிய பொருளாதாரம் நிலையற்றது, வன்முறையில் முடிவது. பின்னையதன் மீது கட்டியதே நிலைத்திருப்பது. எம்டனையும் இரங்கூனையும் அறிந்த சென்னைக்கு இந்த வாதம் விளங்காமல் போயிருக்க நியாயமில்லை. நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலையும், இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றிய நூலையும் அவர் சிறையிலிருந்தபோதே எழுதினார் என்பது கருதத்தக்கது. இரண்டும் 1945ஆம் ஆண்டில் வெளிவந்தன. 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகளின் நினைவு நாளிலேயே, அவர் சென்னையில் காலமானார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளக்கிற்குத் தாவர எண்ணெய் தேடிய அதே மகன்வாடியில், சமையலுக்கென உருவானது விறகில் எரியும் ‘மகன் சூல்ஹா’ என்ற புகை குறைந்த அடுப்பு. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு, பெண்களின் கண்களையும் நுரையீரலையும் புகையிலிருந்து காக்கும் அடுப்பொன்றை வடிவமைத்து, அதைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 1953ஆம் ஆண்டில் சென்னையிலிருந்த கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தாலேயே வெளியிடப்பட்டது. புகையில்லாச் சமையலறை இலட்சக்கணக்கானோருக்கு வேண்டும் என்பதே அந்நூலின் குரல். அவரும் விறகைத்தான் நம்பினார். எண்ணெயை அடுப்பில் ஊற்ற நினைக்காதது அந்த அறிஞர்களின் கற்பனைக் குறைவன்று. உண்பதற்கே எண்ணெய் போதாத வீடுகளை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

வரிசையும் வெடிப்பும்

விடுதலைக்குப் பின் மண்ணெண்ணெய் நம் ஊரிலேயே உற்பத்தியாகத் தொடங்கியது. இந்திய அரசும் ஓர் அமெரிக்க நிறுவனமும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய சென்னைச் சுத்திகரிப்பு ஆலை 1969ஆம் ஆண்டில் மணலியில் இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே எண்ணூர் அனல் மின் நிலையம் மின்சாரம் தரலாயிற்று. ஆலைகளின் புகைபோக்கிகள் வானத்தில் நிமிர்ந்தன. அவற்றின் அடிவாரத்துக் குடிசைகளில் வாழ்ந்த பெண்கள், ரேஷன் கடை வாசலில் கேனை வைத்து வரிசையில் நின்றார்கள்.

மண்ணெண்ணெய் விறகுப் புகையிலிருந்து விடுதலை தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. வேலைக்குச் செல்லும் குடும்பத்திற்கு அது நேரத்தையும் மிச்சமாக்கித் தந்தது. ஆயினும் அதற்கொரு கொடிய விலையும் இருந்தது. மண்ணெண்ணெய் 35 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கிவிடும். நம் கோடைக்காலத்துப் பகல் வெப்பம் அது. அடைத்த பர்னரை ஊசியால் குத்தும்போதும், எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றும்போதும், அளவு மீறிப் பம்ப் அடிக்கும்போதும் நேர்ந்த விபத்துகள் எத்தனையோ! அவற்றினும் கொடியது, விபத்து என்ற பெயரில் நடந்தது. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் மரணம்’ என்ற செய்தி நாளிதழ்களில் வழக்கமான வாசகமாகவே ஆகிவிட்டிருந்தது. அவற்றுள் பல, வரதட்சணைக்காக மூட்டப்பட்ட தீயே. அதனால்தான் 1983இல் கணவனும் அவன் வீட்டாரும் இழைக்கும் கொடுமை குற்றமாக்கப்பட்டது. 1986இல் வரதட்சணைச் சாவு என்ற தனிக் குற்றப் பிரிவே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. எரிபொருளின் வரலாற்றை எழுதுகிறவர் இந்தப் பெண்களைக் கடந்து போக முடியாது.

1977ஆம் ஆண்டில் இந்தியன் ஆயில் ஆய்வு மையம் உருவாக்கிய நூதன் திரி ஸ்டவ், அழுத்தமின்றி எரிவதால் பாதுகாப்பானது, எண்ணெயும் மிச்சம் என்று பரவியது. எனினும் எரிந்தது அதே மண்ணெண்ணெய்தான். அறைக்குள் அதனை எரிப்பதால் மூச்சுக்கு விளையும் கேட்டினையும் தீ விபத்துகளையும் கருதி, வீட்டு எரிபொருளாக அதனைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் கூறியது.

எரிந்தது அடுப்பு, எட்டவில்லை எண்ணெய்

தாவர எண்ணெயை எரிபொருளாக்கும் எண்ணம் புதிதன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எந்திரம் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. நம் தென்னார்க்காட்டு மண்ணின் மணிலாக்கொட்டையும் புதுச்சேரி வழியாகப் பிரான்சு நாட்டு ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1942ஆம் ஆண்டின் போர்க்கால நெருக்கடியில், இந்திய அறிவியலாளர்களும் நம் நாட்டுத் தாவர எண்ணெய்களை டீசல் எந்திரங்களில் சோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள். எந்திரத்தின் கொதிக்கும் வயிற்றுக்குள் எரிந்த அந்த எண்ணெயை, வீட்டு அடுப்பில் எரிப்பதுதான் கடினமாக இருந்தது.

அதனை ஜெர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதித்தார்கள். அங்கே எல்மர் ஸ்டும்ப் என்பவர் உருவாக்கிய அடுப்பை, பாஷ், சீமென்ஸ் ஆகியவற்றின் கூட்டு வீட்டுப்பொருள் நிறுவனம் எடுத்து வளர்த்து, புரோட்டோஸ் என்று பெயரிட்டது. பார்வைக்கு அது நம் பம்ப் ஸ்டவ்வின் உறவினரே. கலத்தில் எண்ணெய் ஊற்றிக் கையால் பம்ப் அடிக்க வேண்டும். கிண்ணத்தில் சிறிது ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, எண்ணெய் செல்லும் குழாயைச் சூடேற்ற வேண்டும். மண்ணெண்ணெய்க்குச் சிறிது சூடு போதும். தாவர எண்ணெய்க்கோ நீண்ட நேரம் மிகுந்த சூடு வேண்டும். பிறகு ஆவி பீறிட்டு நீலச் சுடராக எரியும். எண்ணெயின் பிசின் குழாயில் கரியாகப் படிவதால் அடிக்கடி சுரண்டித் துடைக்க வேண்டும். இது தொல்லையே. ஆனால் பெரும் நன்மை ஒன்று உண்டு. தாவர எண்ணெய் 200 டிகிரிக்கும் மேல் சூடானால்தான் தீப்பற்றும். தரையில் சிந்தினாலும் தீக்குச்சிக்கு மசியாது. ஸ்டவ் வெடித்த செய்திகளை நினைத்துப் பார்த்தால், இதன் அருமை நமக்குப் புரியும்.

2004ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டின் லேய்ட்டே தீவில் அந்த அடுப்பு வீடுகளில் வைத்துச் சோதிக்கப்பட்டது. தென்னை செழித்த, நம்மைப் போலவே கத்தோலிக்க நம்பிக்கையில் ஊறிய மண் அது. தேங்காய் எண்ணெயில் அடுப்பு எரிந்தது, சோறு வெந்தது. பின்னர் தான்சானியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் முயற்சிகள் நடந்தன. நுட்பம் வென்றது, கணக்கு வெல்லவில்லை. 2007, 2008ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் உணவு விலை ஏறியபோது, தேங்காய் எண்ணெயின் விலை 2006ஆம் ஆண்டில் இருந்ததைப்போல் இரு மடங்கைத் தாண்டியது. சந்தையில் விற்றால் நல்ல விலை கிடைக்கும் எண்ணெயை, காட்டில் பொறுக்கும் சுள்ளிக்குப் பதிலாக எவர் எரிப்பார்?

இந்தக் கணக்கை நம் வீட்டில் போட்டுப் பார்ப்போம். வீட்டு எரிவாயு உருளையில் 14.2 கிலோ வாயு இருக்கிறது. அதே அளவு வெப்பத்தைத் தாவர எண்ணெயிலிருந்து பெற வேண்டுமானால் ஏறத்தாழ 19 லிட்டர் தேவை. தமிழக அரசு 2007ஆம் ஆண்டு தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில், ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் கிடைக்கிறது. அந்த ஒரு லிட்டரை மாதம் முழுவதற்கும் தாளிக்க நீட்டி நீட்டிப் பயன்படுத்தும் வீடுகள் பல. அந்த வீட்டுத் தாயிடம் சென்று, 19 லிட்டரை அடுப்பில் ஊற்றுங்கள் என்று யார் சொல்வது? நம் நாடு உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. பர்மா மண்ணெண்ணெய் வந்த அதே கடற்கரைக்கு, இன்று மலேசியப் பாமாயிலும் இந்தோனேசியப் பாமாயிலும் வருகின்றன. அதனை அடுப்பில் ஊற்றினால், குமரப்பா தேடிய தன்னிறைவும் கிடைக்காது. ஏழையின் சட்டியும் காயும்.

விவிலியத்தில் சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணின் காட்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பஞ்ச காலத்தில் எலியா அவளைக் காணும்போது, பானையில் கையளவு மாவும் கலயத்தில் சிறிது எண்ணெயும் வைத்திருக்கும் அவள், நகர வாயிலில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எண்ணெய் உணவு, சுள்ளியே எரிபொருள். எரிகிற பொருளெல்லாம் எரிப்பதற்கு உரியதாகிவிடாது என்பதை எந்த ஆய்வுக்கூடமும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

காட்டாமணக்கின் கதை

அப்படியானால் உண்ண முடியாத எண்ணெயை எரிக்கலாமே என்று கேட்கலாம். நம் நாடும் அதனைக் கேட்டது. 2003ஆம் ஆண்டில் திட்டக்குழு அமைத்த குழுவொன்று, காட்டாமணக்கைத் தரிசு நிலங்களில் பயிரிட்டு டீசலுக்குத் துணையாக்கலாம் என்று பரிந்துரைத்தது. தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு தின்னாது, வறண்ட நிலத்திலும் காய்க்கும் என்று சொல்லப்பட்டது. தமிழகத்திலும் கன்றுகளும் கடனும் மானியமும் வந்தன. உழவர்கள் நம்பி நட்டார்கள்.

செடி பிழைத்தது, விளைச்சல்தான் பிழைக்கவில்லை. நீரின்றிச் செடி உயிரோடிருக்கும் என்பது உண்மை. ஆனால் நிறையக் காய்க்க அதற்கும் நீரும் எருவும் வேண்டும். கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடத்தப்பட்டு 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, எதிர்பார்த்ததைவிட விளைச்சல் மிகக் குறைவு என்றும், பலர் செடிகளைக் கைவிட்டனர் என்றும், கடலை போன்ற உணவுப் பயிர் விளைந்த நிலங்களும் இதற்குப் போயின என்றும், நட்டத்தைச் சுமந்தவர்களில் எளியோரே மிகுதி என்றும் எடுத்துரைத்தது. தரிசு என்று ஏட்டில் எழுதப்பட்ட நிலத்தில் யாரோ ஒருவருடைய ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். யாரோ ஒருத்தி சுள்ளி பொறுக்கிக்கொண்டிருப்பாள். அடுப்புக்கு எண்ணெய் வளர்க்கப் போய், அடுப்புக்கு இருந்த சுள்ளியையும் இழக்கும் நிலை அது.

சுடரின் விலை யாருடையது?

இறுதியில் ஏழையின் சமையலறைக்கு வந்து சேர்ந்தது எரிவாயு. 1955ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கிய அதன் பயணம், நெடுங்காலம் வசதியுள்ளோர் வீடுகளோடு நின்றது. 2007ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் வழங்கத் தொடங்கியது; 2016ஆம் ஆண்டில் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. விறகுப் புகையாலும் ஸ்டவ் தீயாலும் வதைந்த பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். அதனை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆனால் குமரப்பாவின் தொட்டி இன்னும் தொட்டியாகவே இருக்கிறது. நிரப்பிய உருளை கையில் கிடைக்கும் விலை கடல் கடந்த சந்தையில் முடிவாகிறது. அந்தச் சுடரின் வேறொரு விலையை எண்ணூர்க் கழிமுகம் செலுத்துகிறது. 2017ஆம் ஆண்டு சனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் வாளிகளால் அதனை வாரி எடுத்ததை நாடே கண்டது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் கலந்து கழிமுகமெங்கும் பரவியது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்தன. முன்பு விறகுப் படகு சென்ற நீரில் மீனவர்கள் மீண்டும் கையாலேயே எண்ணெய் அள்ளினார்கள். சடையங்குப்பமும் பர்மா நகரும் 2021ஆம் ஆண்டின் வெள்ளத்தைப் போலவே அவ்வாண்டின் வெள்ளத்தையும் கண்டன.

தாவர எண்ணெய் அடுப்பின் வரலாறு தோல்வியின் வரலாறு என்று முடித்துவிட நாம் விரும்பவில்லை. அதற்கென ஓர் எளிய இடம் இருக்கவே செய்கிறது. பலமுறை காய்ச்சிக் கெட்டுப்போன எண்ணெயை மீண்டும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு விதித்தது. அத்தகைய எண்ணெயைச் சேகரித்து உயிரி டீசலாக்கும் திட்டத்தையும் தொடங்கியது. உணவாக இனிப் பயன்படாதது எரிபொருளாவது முறையே. திருவிழா நாள்களில் நம் பங்குகளில் பலகாரம் சுடும் சட்டிகளில் எஞ்சுவதைச் சாக்கடையில் கொட்டாமல் சேர்த்துக் கொடுப்பது, சிறிதாயினும் நேர்மையான செயல்.

பெரிய பாடம் அதற்கும் அப்பால் இருக்கிறது. புதிய அடுப்பும் புதிய எரிபொருளும் இனியும் வந்துகொண்டே இருக்கும். சூரிய ஒளி, மின்சாரம், இன்னும் பலவும் வரும். ஒவ்வொன்றும் தூய்மையானது, மலிவானது, பாதுகாப்பானது என்று சொல்லிக்கொண்டே வரும். அப்போது நாம் இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். இந்தச் சுடருக்காக யாருடைய தட்டிலிருந்து எது எடுக்கப்படுகிறது? இதன் கரி யாருடைய வாசலில் படிகிறது? சாரிபாத்துக் கைம்பெண்ணின் கலயமும் கொசஸ்தலையாற்று மீனவரின் கறுத்த கையும் நம் கண்முன் இருக்குமானால், அந்தக் கேள்விகளை நாம் மறக்க மாட்டோம்.